சிறிய போர்க்கப்பல் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி: இத்தாலிய டார்பிடோ குரூசர் ‘பார்த்தேனோப்பே’யை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பழைய போர்க்கப்பல்களைப் பற்றித் தமிழில் எழுத முன்வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பெரிய கப்பல்களையே நாடுகிறார்கள். தொடக்கநிலை எழுத்தாளருக்கு அதைவிட நல்ல பயிற்சியைத் தருவது ஆயிரம் டன்னுக்கும் குறைவான சிறிய கப்பல்தான் என்பது என் உறுதியான கருத்து. பெரிய கப்பலின் வரலாறு ஏற்கெனவே பலரால் சொல்லப்பட்டுவிட்டதால், அதை எழுதுபவர் பிறருடைய முடிவுகளையே தம் சொற்களில் திரும்ப எழுதும் நிலைக்கு எளிதில் தள்ளப்படுகிறார். சிறிய கப்பலைப் பற்றிக் கிடைப்பவையோ சில தேதிகளும் சில அளவுகளும் துண்டுத் துண்டான சில செய்திகளும் மட்டுமே. அவற்றை எப்படிச் சேர்ப்பது, எதை நம்புவது, எங்கே பேசாமல் விடுவது என்பதையெல்லாம் எழுதுபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாக, இத்தாலிய அரச கடற்படையின் ‘பார்த்தேனோப்பே’ என்ற டார்பிடோ குரூசரை, அதாவது நீருக்கடியில் சென்று வெடிக்கும் டார்பிடோவை ஏவுவதற்கான வேகமான சிறிய போர்க்கப்பலை, எடுத்துக்கொள்கிறேன். நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில் உள்ள காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியா அரசுக் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு, 1889 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பல், 1918 மார்ச் 24 அன்று துனீசியாவின் பிசெர்த் துறைமுகத்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றை நிரப்புவதற்கு, இந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது, பின்னர் உண்மையில் எதற்காகப் பயன்படுத்தப்பட்டது என்ற இரண்டு கேள்விகளை எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றாக இருப்பது அரிது. அவ்விரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் நீங்கள் எழுதப்போகும் வரலாறு.

ஆயுதத்திலிருந்து தொடங்குங்கள்

கப்பலின் நீள அகலங்களோடு கட்டுரையைத் தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. டார்பிடோ குரூசரைப் பொறுத்தவரை அது வாசகரை வெளியிலேயே நிறுத்திவிடும். இந்த வகைக் கப்பல் ஓர் ஆயுதத்துக்காகவே பிறந்தது என்பதால் அந்த ஆயுதத்தின் கதையே முதலில் வர வேண்டும்.

1866 ஜூலை 20 அன்று அட்ரியாட்டிக் கடலின் லிஸ்ஸா தீவருகே நடந்த சண்டையில், எண்ணிக்கையில் மிகுந்திருந்த இத்தாலியக் கடற்படை ஆஸ்திரியக் கடற்படையிடம் தோற்றது. ‘ரே தித்தாலியா’ என்ற இரும்புக்கவசக் கப்பல், ஆஸ்திரியக் கொடிக்கப்பலால் பக்கவாட்டில் மோதப்பட்டு மூழ்கியது. அதே ஆண்டில், அன்று ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமாக இருந்த ஃபியூமேயில், ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வொய்ட்ஹெட், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜொவான்னி லுப்பிஸ் முன்வைத்த கருத்தை ஆதாரமாகக் கொண்டு, அழுத்தப்பட்ட காற்றின் விசையால் நீருக்கடியில் தானே செல்லும் டார்பிடோவை உருவாக்கினார். நீரின் அழுத்தத்தை உணரும் ஒரு தடுக்கிதழும் ஓர் ஊசலும் சேர்ந்து அதை ஒரே ஆழத்தில் நிறுத்தின. பக்கவாட்டில் விலகாமல் நேராகச் செல்ல உதவும் சுழல்காட்டி 1890களில்தான் வந்தது. ஆகவே பார்த்தேனோப்பே வடிவமைக்கப்பட்ட காலத்தில் டார்பிடோவின் பயனுள்ள வீச்சு சில நூறு மீட்டர்களே என்பதையும், இலக்கை அவ்வளவு நெருங்க வேண்டுமானால் கப்பலுக்கு வேகம் தேவை என்பதையும் வாசகர் அறிந்துகொண்டால், பின்னால் வரும் எல்லா எண்களும் அவருக்குப் பொருள் தரும்.

அடுத்து, முன்னோடிக் கப்பல்களைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வெனிஸில் 1876இல் நீரில் இறக்கப்பட்ட ‘பியெத்ரோ மிக்கா’ டார்பிடோவுக்கென்றே இத்தாலி கட்டிய முதல் கப்பல். 1706இல் டூரின் நகரம் முற்றுகையிடப்பட்டபோது வெடிமருந்துக்குத் தீ வைத்து எதிரியைத் தடுத்துத் தானும் மடிந்த வீரனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்தக் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவே இல்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், புகழ்பெற்ற கப்பல் வடிவமைப்பாளரும் கடற்படை அமைச்சருமான பெனெதெத்தோ பிரின் வடிவமைத்த ‘திரிப்போலி’ 1886இல் காஸ்தெல்லம்மாரேயில் நீரில் இறக்கப்பட்டது. அதன் வழியில் கோயித்தோ வகுப்பும், பின்னர் எட்டுக் கப்பல்களைக் கொண்ட பார்த்தேனோப்பே வகுப்பும் வந்தன (வகுப்பு என்பது ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட கப்பல்களின் தொகுதி). விலை உயர்ந்த பெரிய இரும்புக்கவசக் கப்பலைச் சிறிய, வேகமான கப்பல் ஒன்று ஒரே அடியில் வீழ்த்திவிடலாம் என்ற நம்பிக்கை 1880களில் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. டார்பிடோ குரூசருக்கு அதே காலத்தில் இன்னொரு பணியும் இருந்தது. எதிரியின் சிறிய டார்பிடோப் படகுகள் தன் அணியை நெருங்காதபடி விரட்டுவதே அது. 57 மில்லிமீட்டர் விரைவுப் பீரங்கிகள் இந்தக் கப்பல்களில் ஏன் பொருத்தப்பட்டன என்பதை இரண்டாவது பணியே விளக்குகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேதிகளும் அளவுகளும்

ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரா (கப்பலின் அடித்தண்டு) இடப்பட்ட நாள், நீரில் இறக்கப்பட்ட நாள், கட்டி முடிக்கப்பட்ட நாள், பட்டியலிலிருந்து நீங்கிய நாள் என்று நான்கு தேதிகள் உண்டு. செய்தித்தாள்களும் சுருக்கமான பட்டியல்களும் இரண்டாவது தேதியையே பெரிதாகச் சொல்லும், ஏனெனில் விழா நடப்பது அன்றுதான். ஆனால் அன்று நீரில் மிதப்பது பெரும்பாலும் பீரங்கியும் இயந்திரமும் முழுமையாகப் பொருத்தப்படாத வெற்றுடல். பார்த்தேனோப்பேவின் ஏரா 1888இல் இடப்பட்டது. 1889 டிசம்பரில் நீரில் இறங்கியது. 1890 செப்டம்பரில் நிறைவுபெற்றது. ‘1889 முதல் பணியாற்றியது’ என்று எழுதினால் முக்கால் ஆண்டு தவறாகிவிடும். திரிப்போலியோ 1886 ஆகஸ்டில் நீரில் இறங்கி அந்த ஆண்டின் இறுதிக்குள் நிறைவுபெற்றது. இந்த வேறுபாட்டைக் கவனித்து வாசகருக்குச் சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. இந்தக் காலத்து ஏடுகளில் காணப்படும் வேகம் சோதனை ஓட்டத்தில் கிடைத்தது. அமைதியான கடலில், தேர்ந்த நிலக்கரியுடன், கொதிகலன்களுக்கு விசிறிகளால் காற்றை வலிந்து செலுத்திச் சில மணி நேரம் ஓட்டிக் காட்டிய உச்ச வேகத்தைக் கப்பலின் இயல்பான வேகமாக எழுதிவிடக் கூடாது. பார்த்தேனோப்பே வகுப்பின் கப்பல்கள் தமக்குள்ளேயே வேறுபட்டன. ஏறத்தாழ 18 முதல் 20 நாட் வரை அவை எட்டின. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்பதால், 20 நாட் என்பது மணிக்கு 37 கிலோமீட்டர். இந்த மாற்றத்தை ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் பின்னர் நாட் கணக்கிலேயே எழுதிச் செல்வது நல்லது. டன் கணக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆங்கில ஏடுகளின் நெடிய டன் 1,016 கிலோகிராம், இத்தாலிய ஏடுகளின் மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். இரண்டு நூல்களில் இரண்டு எண்களைக் கண்டதும் ஒன்று பிழை என்று முடிவுகட்டாமல், எந்த டன், முழுச் சுமையுடனா சுமையின்றியா என்று முதலில் பாருங்கள்.

பெயர்கள்

பார்த்தேனோப்பே என்பது கிரேக்கத் தொன்மத்தில் வரும் கடற்பாவை ஒருத்தியின் பெயர். அவளுடைய உடல் கரையொதுங்கிய இடத்தில் எழுந்த ஊர்தான் நேப்பிள்ஸ் என்று அந்தத் தொன்மம் சொல்வதால், அது அந்நகரின் பழைய பெயராகவும் வழங்கியது. நேப்பிள்ஸ் வளைகுடாவிலேயே கட்டப்பட்ட கப்பலுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். அதே வகுப்பின் மினேர்வா, எவுரீதிச்சே, ஈரிதே, அரெத்தூசா, உரானியா ஆகியவையும் தொன்மப் பெயர்களே. எஞ்சிய இரண்டும் இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய தளபதி கரிபால்டியின் நினைவைத் தாங்கியவை. கப்ரேரா அவர் வாழ்ந்து மறைந்த தீவு. கலதாஃபீமி 1860இல் சிசிலியில் அவர் வென்ற களம்.

பெயர்களில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது ஒலிப்பு. இத்தாலியப் பெயர்களை ஆங்கில வழியாகக் கேட்டு எழுதினால் அவை உருத்தெரியாமல் போகின்றன. இத்தாலிய உயிரெழுத்துகள் தமிழின் எ, ஒ போன்றவற்றுக்கு மிக நெருக்கமானவை. இரட்டை மெய்கள் நம்முடையவற்றைப் போலவே அழுத்தமாக ஒலிப்பவை. எனவே நேரடியாக இத்தாலிய ஒலிப்பைக் கேட்டு எழுதுவது தமிழருக்கு எளிது. Saetta என்ற இத்தாலியக் கப்பல் பெயரை ‘சயெத்தா’ என்று எழுதினால் இத்தாலியர் ஒருவர் புரிந்துகொள்வார். ‘சைட்டா’ என்று எழுதினால் புரிந்துகொள்ள மாட்டார்.

இரண்டாவது சிக்கல் பெரிது. கடற்படைகள் பழைய பெயர்களைப் புதிய கப்பல்களுக்கு மீண்டும் மீண்டும் சூட்டுகின்றன. 1930களில் கட்டப்பட்ட ஸ்பீக்கா வகுப்பு டார்பிடோப் படகுகளிலும் ஒரு பார்த்தேனோப்பே, ஓர் அரெத்தூசா உண்டு. இரண்டும் இத்தாலியக் கப்பல்கள், இரண்டும் டார்பிடோவோடு தொடர்புடையவை என்பதால் இணையத் தேடலில் இவை எளிதில் கலந்துவிடும். நானும் என் முதல் குறிப்பேட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலப் படம் ஒன்றை 1889ஆம் ஆண்டுக் கப்பலின் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்; அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பலின் பெயரோடும் நீரில் இறக்கப்பட்ட ஆண்டைச் சேர்த்தே குறித்து வருகிறேன். அதை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். துறைமுகப் பெயர்களிலும் இதே கவனம் தேவை. அன்றைய ஃபியூமே இன்றைய ரியேக்கா, அன்றைய போலா இன்றைய புலா, அன்றைய கத்தாரோ இன்றைய கோட்டோர். காலத்துக்குரிய பெயரை எழுதி, முதல்முறை மட்டும் இன்றைய பெயரையும் சொல்லிவிடுங்கள்.

அமைதிக்கால ஆண்டுகளை எழுதுதல்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1890 முதல் 1911 வரை இத்தாலியக் கடற்படை பெரிய கடற்போர் எதிலும் ஈடுபடவில்லை. ஆகவே பார்த்தேனோப்பேவின் இளமைக்காலம் முழுவதும் பயிற்சிகளிலும் பயணங்களிலுமே கழிந்தது. அன்றைய வழக்கப்படி, செலவைக் குறைப்பதற்காகக் கப்பல்கள் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே முழு மாலுமிக் குழுவோடு அணியில் இருந்தன. எஞ்சிய மாதங்களில் குறைந்த ஆட்களோடு துறைமுகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஒரு கப்பலைப் பற்றி ஏழெட்டு மாதங்கள் செய்தியே இல்லை என்றால் அது பழுதடைந்தது என்றோ புறக்கணிக்கப்பட்டது என்றோ ஊகிக்க வேண்டாம். அந்த மௌனம் பெரும்பாலும் நிதிநிலையின் விளைவு.

இந்த ஆண்டுகளுக்குச் சான்று தருபவை மூன்று வகையானவை. 1868 முதல் வெளிவரும் இத்தாலியக் கடற்படை இதழான ரிவிஸ்டா மாரிட்டிமா, ரோமில் உள்ள கடற்படை வரலாற்று அலுவலகத்தின் ஆவணங்கள், அன்றைய பிற நாடுகளின் கடற்படை ஆண்டேடுகள் ஆகியவையே அவை. இவற்றுள் வெளிநாட்டு ஆண்டேடுகளைக் கடைசியாகப் பாருங்கள். அவை வகைப்பெயர்களை மாற்றிவிடும். இத்தாலியர் ‘டார்பிடோ அறிவிப்புக் கப்பல்’ என்றும் ‘டார்பிடோ குரூசர்’ என்றும் வகைப்படுத்திய ஒன்றை ஆங்கிலேயர் தம் கடற்படையின் வழக்கப்படி ‘டார்பிடோ கன்போட்’ என்பார்கள். கப்பல் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது என்பதை வாசகருக்கு ஒரே இடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒரு சொல்லையே கட்டுரை முழுவதும் பயன்படுத்துங்கள்.

அமைதிக்காலத்திலும் குறிப்பிடத்தக்க பயணங்கள் உண்டு. 1895 ஜூனில் ஜெர்மனியின் கீல் கால்வாய் திறக்கப்பட்டபோது பல நாடுகள் கப்பல்களை அனுப்பின. இத்தாலி அனுப்பிய அணியில் ‘ரே உம்பெர்த்தோ’, ‘சர்தேஞ்யா’ போன்ற பெரிய போர்க்கப்பல்களோடு பார்த்தேனோப்பேவும் சென்றது. இப்படிப்பட்ட நிகழ்வைப் பத்தி பத்தியாக விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் மத்தியதரைக் கடலுக்கென்று கட்டப்பட்ட சிறிய கப்பல் ஒன்று வட ஐரோப்பா வரை சென்று திரும்பியது என்ற செய்தி அதன் கடலோடும் திறனைப் பற்றி எந்த அட்டவணையையும்விட நன்றாகப் பேசும்.

உடன்பிறப்புக் கப்பல்களைப் பயன்படுத்துதல்

ஒரு கப்பலைப் பற்றிய செய்தி குறைவாக இருக்கும்போது அதே வகுப்பின் மற்றக் கப்பல்களின் அனுபவம் கைகொடுக்கும். ஆனால் ஒன்றின் செயலை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடாதபடி கவனமாக இருக்க வேண்டும். இத்தாலிக்கும் உதுமானியப் பேரரசுக்கும் 1911 செப்டம்பர் 29 அன்று போர் மூண்டது. அடுத்த சில நாட்களிலேயே செங்கடலில், இந்த வகுப்பின் அரெத்தூசா, ‘வொல்த்தூர்னோ’ என்ற பீரங்கிப் படகோடு சேர்ந்து, ‘பெய்க்-இ ஷெவ்கெத்’ என்ற உதுமானிய டார்பிடோ குரூசரை எதிர்கொண்டு, யேமனின் ஹொதெய்தா துறைமுகத்துக்குள் ஒதுங்கும்படி விரட்டியது. இந்த வகைக் கப்பல்கள் இரண்டு எதிரெதிராக நின்ற இந்நிகழ்வு உங்கள் கட்டுரையில் ஒரு நல்ல பத்தியாக அமையும். ஆனால் அதில் பார்த்தேனோப்பே இல்லை என்பதை அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். உதுமானிய ஆவணங்கள் ரூமி நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நம் நாட்காட்டிக்குப் பதின்மூன்று நாட்கள் பின்தங்கியிருந்தது. ஒரே சண்டை இரண்டு நூல்களில் இரண்டு வார இடைவெளியோடு காணப்பட்டால் முதலில் நாட்காட்டியைச் சரிபாருங்கள்.

திருப்புமுனையைக் கண்டறிதல்

கப்பல் மூழ்கிய நாளைத்தான் பலரும் வரலாற்றின் உச்சமாக எழுதுகிறார்கள். பார்த்தேனோப்பேவைப் பொறுத்தவரை 1906 முதல் 1908 வரையிலான ஆண்டுகளே அதைவிட முக்கியமானவை என்று நான் கருதுகிறேன். அந்த ஆண்டுகளில்தான் அது கடலில் கண்ணிவெடி இடும் கப்பலாக மாற்றப்பட்டது. டார்பிடோவுக்காகப் பிறந்த கப்பல் அன்றோடு வேறு தொழிலுக்குப் போய்விட்டது. உங்கள் கட்டுரையில் அதிக இடம் பெற வேண்டிய பகுதி இதுவே.

மாற்றத்துக்கான பின்னணியைப் படிப்படியாகக் கட்டி எழுப்புங்கள். 1893இல் பிரிட்டன் நீரில் இறக்கிய ‘ஹாவக்’ என்ற புதுவகைக் கப்பல் 26 நாட் வேகத்தைத் தாண்டியது. டெஸ்ட்ராயர் என்று பின்னர் அழைக்கப்பட்ட அந்த வகை, டார்பிடோப் படகுகளை விரட்டும் பணியையும் டார்பிடோ ஏவும் பணியையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. 20 நாட் வேகத்தில் ஓடிய டார்பிடோ குரூசருக்கு அணியில் வேலை இல்லாமல் போயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து ரஷ்ய-ஜப்பானியப் போர் வந்தது. 1904 ஏப்ரலில் ‘பெத்ரோபாவ்லோவ்ஸ்க்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கித் தளபதி மக்காரோவோடு மூழ்கியது. மே 15 அன்று, ‘அமூர்’ என்ற ரஷ்யக் கப்பல் இட்டிருந்த கண்ணிவெடிகளில் மோதி ‘ஹட்சூசே’, ‘யாஷிமா’ என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களும் அழிந்தன. கண்ணிவெடியின் ஆற்றலை எல்லாக் கடற்படைகளும் கண்கூடாகக் கண்டது அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒரு கவர்ச்சியான வாக்கியம் கையில் வந்து நிற்கும். 1904இன் பாடத்தைக் கற்றுத்தான் இத்தாலி 1906இல் பார்த்தேனோப்பேவை மாற்றியது என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த கோயித்தோவும் திரிப்போலியும் 1890களின் இறுதியிலேயே கண்ணிவெடிப் பணிக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே பழைய டார்பிடோ குரூசரைக் கண்ணிவெடிக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ரஷ்ய-ஜப்பானியப் போருக்கு முன்பே இத்தாலியிடம் இருந்தது. தூரக் கிழக்கின் போர் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்திருக்கலாம் என்ற அளவிலேயே எழுதுவதுதான் நேர்மை. காரணம் என்று ஒன்றைக் குறிப்பிடும் முன் அதற்கு முந்தைய நிகழ்வு ஏதேனும் அதைப் பொய்யாக்குகிறதா என்று பார்க்கும் இந்தப் பழக்கம், கப்பல் வரலாற்றில் நான் கற்றவற்றுள் மிகவும் பயன் தந்தது.

மாற்றப்பட்டவற்றுக்கும் மாற்றப்படாதவற்றுக்கும் நேர்ந்ததை ஒப்பிட்டுக் காட்டினால் இந்தத் திருப்புமுனையின் எடை வாசகருக்குப் புரியும். எவுரீதிச்சேவும் கலதாஃபீமியும் 1907இல் விற்கப்பட்டன. அரெத்தூசாவும் உரானியாவும் 1912இல் போயின. கப்ரேரா 1913இல் போயிற்று. கண்ணிவெடிப் பணிக்கு மாறிய மினேர்வாவோ உலகப் போரையும் கடந்து 1921 வரை நீடித்தது.

இறுதிப் பயணத்தை எழுதுதல்

1915 மே மாதத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு எதிராகவும், 1916 ஆகஸ்டில் ஜெர்மனிக்கு எதிராகவும் இத்தாலி போர் அறிவித்தது. மூழ்கடித்தது ஜெர்மன் கப்பல் என்பதால் இரண்டாவது தேதியையும் சொல்ல வேண்டும். பார்த்தேனோப்பேவை அழித்த யு.சி.67, அட்ரியாட்டிக் தளங்களிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு வந்து செயல்பட்ட யு.சி. இரண்டாம் வகை நீர்மூழ்கி. அந்த வகை 18 கண்ணிவெடிகளையும் 7 டார்பிடோக்களையும் சுமக்கக்கூடியது. அதாவது, பார்த்தேனோப்பே தன் வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற இரண்டு தொழில்களையும் அந்த நீர்மூழ்கி ஒரே உடலில் கொண்டிருந்தது. இந்த உண்மையை அலங்காரமின்றி, எண்களோடு எழுதினாலே போதும்.

மூழ்கிய நிகழ்வுக்கு இத்தாலியச் சான்றோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் போர் நாட்குறிப்புகள் ஃபிரைபுர்கில் உள்ள ஜெர்மன் இராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் நுண்படச் சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. நீர்மூழ்கித் தளபதி தான் கண்ட கப்பலின் வகையையும் எடையையும் தூரத்திலிருந்து மதிப்பிட்டே எழுதுவார் என்பதால் அவற்றை அப்படியே ஏற்க வேண்டாம். ஆனால் நேரமும் இடமும் அவருடைய வழிநடத்தலுக்கே தேவையானவை என்பதால் பெரும்பாலும் கவனமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். மார்ச் 24ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, அதில் உள்ள அகலாங்கு நெட்டாங்குகளைக் கடல் வரைபடத்தில் குறித்து, பிசெர்த்திலிருந்து எத்தனை கடல் மைல் என்று நீங்களே அளந்து, அந்த எண்ணைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதுங்கள்.